முதலில் 8.0... கடைசியில் 9.1! 2004 சுனாமி நிலநடுக்கத்தின் அளவு ஏன் மாறியது?

சிவகாசியில் ஒருவர் 100 வாலாவையும், இன்னொருவர் 10,000 வாலாவையும் பற்ற வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நொடி சத்தத்தை மட்டும் கேட்டால் எது எதுன்னு சொல்ல முடியுமா? முடியாது. ஒற்றை வெடியின் சத்தம் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் சரத்தின் நீளத்தில் இருக்கிறது. பெரிய நிலநடுக்கத்தை அளப்பதிலும் இதே சிக்கல்தான்.

2004-ல் என்ன நடந்தது?

டிசம்பர் 26, இந்திய நேரப்படி காலை 6.28 மணி. சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் நிலம் பிளந்தது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 6.44-க்கு சொன்ன அளவு 8.0. சுமார் 50 நிமிடம் கழித்து 8.5. அளவு 9-ஐ தொட்டது தெரியவர பல மணி நேரம் ஆனது. அதற்குள், காலை 9 மணி வாக்கிலேயே, நாகப்பட்டினம் கரைக்குள் கடல் புகுந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு என்று அப்போது எச்சரிக்கை அமைப்பும் இல்லை.

8-க்கும் 9-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு அதிகம்.

கணக்கு ஏன் தவறியது?

1935-ல் ரிக்டர் உருவாக்கிய முறை, கலிபோர்னியாவின் உள்ளூர் நிலநடுக்கங்களுக்கானது. கருவியில் பதிவாகும் அலையின் உயரம்தான் அதற்கு அடிப்படை. ஆனால் மிகப்பெரிய நிலநடுக்கங்களில், வேகமாகத் துடிக்கும் அலைகளின் உயரம் ஒரு கட்டத்துக்கு மேல் கூடுவதில்லை. சரத்தின் ஒற்றை வெடி மாதிரிதான். 2004-ல் 'சரம்' ரொம்ப நீளம். சுமத்ராவில் இருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. பிளவு. பிளந்து முடியவே 8 முதல் 10 நிமிடம் ஆனது.

இப்போது எப்படி அளக்கிறார்கள்?

பிளந்த பரப்பு எவ்வளவு, நிலம் எவ்வளவு தூரம் நகர்ந்தது, பாறை எவ்வளவு உறுதி? இந்த மூன்றையும் பெருக்கி வருவதுதான் 'மொமென்ட்' அளவின் அடிப்படை. 1970-களில் இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானில் பிறந்த ஹிரூ கனமோரி. இதற்கு, ஒருமுறை ஏறி இறங்கவே பல நிமிடம் எடுக்கும் மெதுவான அலைகளைக் கவனிக்க வேண்டும். அப்படிப் பார்த்தபோதுதான் 2004 நிலநடுக்கத்தின் அளவு 9.1 என்று தெரிந்தது. பூமி முழுவதும் மணி போல அதிர்ந்ததை வைத்து 9.3 என்று கணக்கிட்ட ஆய்வாளர்களும் உண்டு.

முன்பு மணிக்கணக்கில் ஆன இந்த வேலை, 'டபிள்யூ' என்ற மெதுவான அலையின் உதவியால் இன்று சுமார் அரை மணி நேரத்தில் முடிகிறது. ஹைதராபாத்தில் 2007 முதல் இந்தியாவுக்கென சுனாமி எச்சரிக்கை மையமும் இயங்குகிறது.

எனவே பிளாஷ் நியூஸில் வரும் முதல் எண் பிறகு மாறினால் ஆச்சரியம் வேண்டாம். எண் சின்னதா இருக்கேன்னு, எச்சரிக்கை வந்த பிறகும் கரையில் நிற்கவும் வேண்டாம்.