கை மட்டும் தெரிந்த மாயாவிகள்

கொஞ்சம் நீளமான பதிவு. காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. அந்தக் காலத்தில் இந்தியச் சஞ்சிகைகள் இலங்கைக்கு வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. கிடைத்த ஒரு புத்தகம் பத்துக் கை மாறித்தான் மலைநாட்டில் ஓர் ஆளிடம் வந்து சேரும். அப்படி வாசித்தவர்கள் இன்று தாத்தாமார்.

மாயாவி பிறந்தது சிவகாசியில் இல்லை. 1962இல் லண்டனில் ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தார். பெயர் லூயிஸ் கிராண்டேல். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் கெட்டவனாக இருந்து, பிறகு நிழற்படையின் உளவாளியாக மாறினார்.

வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? அந்த ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடுவதில்லை.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். லயன் காமிக்ஸில் நாம் ரசித்த குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரின் பெரும்பாலான கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்! 1938இல் சூப்பர்மேனின் உரிமை 130 டொலருக்குக் கை மாறியது. கோடி கோடியாகச் சம்பாதித்தது கம்பனி. உருவாக்கியவர்களின் பெயரைக்கூடப் பல வருடங்கள் போடவில்லை. 1975இல், பெரிய போராட்டத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஓய்வூதியமும் பெயரும் கிடைத்தன. அந்த இடைவெளியில்தான் சீகல் லண்டன் பத்திரிகைக்குப் பெயர் இல்லாமல் ஸ்பைடர் எழுதினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைய காமிக்ஸ் எழுத்தாளர்கள் பழைய காலத்துப் பாணியிலேயே புதுக் கதை செய்கிறார்கள். மங்கிய நிறம், புள்ளி புள்ளியான அச்சு, ஆச்சரியக்குறி நிறைந்த வசனம் எல்லாம் அப்படியே இருக்கும். இது வெறும் பழைய ஞாபகமா?

சிலருக்கு அவ்வளவுதான். ஆனால் அலன் மூர் 1993இல் ‘1963’ என்ற தலைப்பில் ஆறு இதழ்கள் செய்தார். அறுபதுகளின் மார்வெல் புத்தகங்களை அச்சு அசலாகப் போலச் செய்தவை. வாசகர் கடிதம், விளம்பரம் உட்பட எல்லாம் போலி. அந்தப் போலிப் பக்கங்களில் ஓர் ஆசிரியர் வருவார். வரைந்தவர்களின் உழைப்பை எல்லாம் தன் பெயரில் போட்டுக்கொண்டு பெருமையடிப்பார். சிரிப்பு வரும், பிறகு சுருக்கென்று தைக்கும். பழைய பாணியைத் திரும்பச் செய்தே பழைய அநியாயத்தைக் காட்டிவிட்டார்.

2005இல் அவர் கதைக்கருவைக் கொடுக்க, மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் ‘அல்பியன்’ எழுதினார்கள். அதில் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், நம்ம சட்டித்தலையன் ஆர்ச்சி எல்லாரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். பிரித்தானிய அரசு அவர்களைப் பிடித்து அடைத்துவைத்து, அவர்கள் வெறும் கற்பனை என்று உலகத்தை நம்பவைத்துவிட்டது. ஒரு கூட்டத்தையே இல்லை என்று ஆக்குவது எப்படி என்ற கதை அது.

மலைநாட்டில் இருந்து வாசிக்கும்போது இது வேறு மாதிரித் தெரிகிறது. மாயாவி லண்டனில் பிறந்து இரண்டு வருடத்தில், 1964 ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1948இலேயே குடியுரிமை இழந்தவர்களை இப்படி எண்ணாகப் பிரித்தார்கள். தேயிலை விளம்பரப் படங்களைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் விரல் தெளிவாக இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. உடல் மறைந்து கை மட்டும் தெரிகிற மாயாவிகள் நம் ஊரிலும் இருந்தார்கள். அவர்களை யாரும் வீரர் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழைய கதைகளில் குறை இல்லையா? இருக்கிறது. ஆர்ச்சி காட்டுக்குப் போகும் கதைகளில் அங்குள்ள மக்களை வரைந்திருக்கும் விதத்தை இன்று பிள்ளைகளிடம் விளக்கம் இல்லாமல் கொடுக்க முடியாது. பாணியைத் திரும்ப எடுக்கும்போது அதற்குள் இருந்த பார்வையும் சேர்ந்து வந்துவிடும். எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

நம் பிள்ளைகள் நன்றாக வரைகிறார்கள். ஆனால் சூப்பர் ஹீரோ என்றதும் பின்னால் நியூயோர்க் கட்டடம் வந்துவிடுகிறது. 6,226 அடி உயரத்தில், நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலவில் இருக்கிறது. மூடுபனி, சுரங்கப்பாதை, லயம், கொழுந்து நிறுக்கும் தராசு. இதைவிட என்ன பின்னணி வேண்டும்? மாயாவியின் பாணியை எடுக்கட்டும். ஆளுக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்து வரையட்டும். கீழே வரைந்த பிள்ளையின் பெயரையும் மறக்காமல் போடுவோம்.

வீட்டில் பழைய முத்து, லயன் புத்தகங்கள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பக்கத்துப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதலில் வாசித்த காமிக்ஸ் எது என்று கேட்டு கமெண்டில் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், ஒன்றுவிடாமல் வாசிப்பேன்.