வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களும் பால் வழியும்

வெறுங்கண்ணால் தனித்தனியே காணக்கூடிய விண்மீன்கள், சூரியன் உட்பட, பால் வழி எனப்படும் விண்மீன் பேரடையைச் சேர்ந்தவை ஆகும். வானில் வெண்பட்டையாகத் தெரியும் பகுதி மட்டுமே பால் வழி என்றும், ஏனைய விண்மீன்கள் அதற்கு வெளியே உள்ளன என்றும் கருதுவது பரவலான தவறு. தட்டு வடிவான பேரடையை அதன் உள்ளிருந்தே பக்கவாட்டில் நோக்குவதால் தோன்றுவதே அப்பட்டை. இதற்கு விதிவிலக்கு மிக அரிது: 1987 இல் பெரிய மெகல்லானிய முகிலில் வெடித்த மீயொளிர் விண்மீன் சில மாதங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

தொலைவுகள்

பால் வழியின் விட்டம் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். அதில் 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. முழு வான்கோளத்திலும் கண்ணுக்குத் தெரிபவை சுமார் 9,000 மட்டுமே; கோடியில் ஒன்றுகூட இல்லை. ரோகிணி 65, கார்த்திகைக் கூட்டம் சுமார் 440, கேட்டை சுமார் 550 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. மேட்டுப்பாளையம் முதல் உதகமண்டலம் வரையான 46 கி.மீ. மலை இரயில் பாதையின் நீளத்தைப் பேரடையின் விட்டமாகக் கொண்டால், கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவை சூரியனிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

நீலகிரியில் இருந்து

பேரடையின் மையம் தனுசு விண்மீன் குழாமின் திசையில் உள்ளது. உதகமண்டலத்தில் இது தென்வானில் சுமார் 50 பாகை உயரம் வரை எழும். சூலை மாத இரவுகளில் தென்மேற்குப் பருவமழை முகில்கள் மறைப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியில் விடியலுக்கு முன் காண்பதே ஏற்றது. ஆயினும் 26,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மையத்தை இடைப்பட்ட தூசு மறைத்துவிடுகிறது. டிசம்பர் முன்னிரவில் வடவானில் மங்கலாகத் தெரியும் அந்திரொமேடா, 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வேறொரு பேரடை. அதன் விண்மீன்களின் கூட்டொளியே தெரிகிறது. எதுவும் தனியே தெரிவதில்லை.

உதகை வானொலித் தொலைநோக்கி

வானொலி அலைகளைத் தூசு தடுப்பதில்லை. கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகைக்கு அருகே முத்தோரையில் அமைக்கப்பட்ட இத்தொலைநோக்கி 1970 இல் செயற்படத் தொடங்கியது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இது, அவ்விடத்தின் அகலாங்குக்குச் சமமாகச் சுமார் 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் நிற்கிறது. எனவே இதன் நீள அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அதைச் சுற்றித் திருப்பினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

இக்கருவிக்குத் தெரியும் வானம் வேறு. கண்ணுக்குப் பளிச்சிடும் சிரியசு போன்ற விண்மீன்கள் வானொலி அலைகளில் மிக மங்கலானவை. நிலவு மறைப்பு முறையில் இங்கு ஆராயப்பட்ட வானொலி மூலங்களில் பெரும்பாலானவை பால் வழிக்கு அப்பாலுள்ள பேரடைகளும் குவாசர்களும் ஆகும்.