சாம்பலாய்ப் போனோரின் கணக்கு

யுத்தங்களின் சரித்திரத்தை எழுதுவோர் தளபதிகளின் பெயர்களைக் குறிக்கத் தவறுவதில்லை. ஆனால், படைக்கலம் ஏந்தாது தம் இல்லங்களில் இருக்கையில் வானிலிருந்து விழுந்த குண்டுகளுக்கு இரையான பாமர மக்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? இவ்வினாவுக்கு விடை காண, டோக்கியோ நகரின் கதையை நாம் நோக்குதல் தகும்.

1945ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், ஏறத்தாழ 300 அமெரிக்க பி-29 விமானங்கள் அந்நகரின்மீது தாழப் பறந்து தீக்குண்டுகளைப் பொழிந்தன. சிறு பட்டறைகளும் தொழிலாளரின் மரவீடுகளும் நெருங்கி நின்ற அசாகுசா, ஹொன்ஜோ, புகாகாவா ஆகிய பகுதிகளே அவற்றின் இலக்காயின. விடிவதற்குள் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டனர். பத்து இலட்சம் பேர் வீடிழந்தனர்.

இப்பெருங்கொலைக்குக் குண்டெறிந்தோரே முதற் பொறுப்பாளிகள். ஆயினும், யப்பானிய ஆளும் வர்க்கத்தின் பங்கையும் நாம் மறத்தலாகாது. 1937இல் இயற்றி 1941இல் திருத்திய வான் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம், மக்கள் நகரைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கவும், விழும் குண்டின் தீயை அணைக்கும் கடமையை அவர்கள்மீது சுமத்தவும் அவ்வரசு அதிகாரம் பெற்றிருந்தது.

யுத்தம் முடிந்தபின் நடந்தது என்ன? 1952 முதல், படையினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உதவிப்பணமும் ஓய்வூதியமும் கிடைத்தன. குண்டுவீச்சிற் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், உறுப்பிழந்த பெண்களுக்கும் அத்தகைய ஈடு எதுவும் கிட்டவில்லை. 1964இல், அத்தாக்குதலை நடத்திய தளபதி கேர்ட்டிஸ் லெமேக்கு, வான்படையைக் கட்டியெழுப்ப உதவினார் என்று யப்பானிய அரசே உயர் விருது வழங்கிற்று! 2007இல் உயிர் தப்பியோரும் உறவினரும் தொடுத்த வழக்கு, 2013இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. மாண்டோரின் அஸ்தியோ, 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இறந்தோருக்கென எழுப்பப்பட்ட மண்டபத்திலேயே வைக்கப்பட்டது. இயற்கையின் சீற்றத்தால் இறந்தவரும் மனிதரின் கட்டளையால் கொல்லப்பட்டவரும் ஒரே கூரையின் கீழ் உறங்குகின்றனர்.

இம்மறதியை எதிர்த்தவர்கள் சாதாரண மக்களே. பன்னிரண்டு வயதில் அத்தீயினின்றும் உயிர்தப்பிய எழுத்தாளர் சவொதொமே கட்சுமொதோவும் பிறரும் 1970இல் ஓர் அமைப்பை நிறுவி, தப்பியோரின் சாட்சியங்களைச் சேகரித்தனர். இடதுசாரிகளின் ஆதரவுடன் பதவிக்கு வந்த நகர ஆளுநர் மினொபேயின் நிருவாகம் துணைநின்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் ஐந்து பெருந்தொகுதிகள் வெளிவந்தன. நினைவுக் காட்சிச்சாலை அமைக்கும் திட்டத்தை 1999இல் நகர நிருவாகம் முடக்கிவிடவே, மக்கள் நன்கொடை திரட்டி 2002இல் தாமே ஒன்றைத் திறந்தனர்.

எனினும், நினைவு ஒற்றைக் கண்ணுடையதாய் இருத்தலாகாது. 1938 முதல் சீனத்தின் சொங்சிங் நகர மக்களைக் குண்டுவீசிக் கொன்றவை யப்பானிய விமானங்களே. 1942 ஏப்பிரல் 5இல் கொழும்பின்மீதும், 9இல் திருகோணமலையின்மீதும் குண்டெறிந்தவையும் அவையே. தன் நாட்டவரின் சாவுக்கு மட்டும் அழும் நினைவு அடுத்த யுத்தத்துக்கு விறகாகும். எந்நாட்டு ஏழையின் சாவையும் சமமாய் எண்ணும் நினைவே யுத்த வெறியருக்குத் தடையாகும். வகுப்பறைகளிற் சரித்திரம் கற்பிப்போரும் கற்போரும் ஆகிய நாம், போர்களின் ஆண்டுகளோடு அவற்றில் மாண்ட மக்களின் கணக்கையும் கேட்கப் பழகுவோமாக.