விளக்கேந்திய வாலிபர்

தலைமை பிறவியில் அமைவதா, பழக்கத்தால் வருவதா என்னும் வினா மிகப் பழமையானது. குலத்தையும் செல்வத்தையும் காட்டிப் பிறவியே காரணம் என்று சாதிப்பவர் இன்றும் உளர். சரித்திரமோ வேறு சான்று பகர்கின்றது. பள்ளிப் பருவம் கடவாத சிறுவரும் சிறுமியரும் பிறர்க்கென உழைத்த சில திங்களிலேயே தலைமைக்குரிய குணங்களை எய்தினர் என்பதற்குக் கியூபா தீவில் 1961-ஆம் ஆண்டு நிகழ்ந்த எழுத்தறிவு இயக்கமே போதிய சான்றாகும்.

கரும்புத் தோட்டங்கள் மலிந்த அந்நாட்டில், 1953-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் எழுத்தறியாதவர். நாட்டுப்புறங்களிலோ நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டோர். 1959-இல் பழைய ஆட்சியை வீழ்த்திய புதிய சர்க்கார் இவ்விருளை ஓராண்டில் அகற்ற முற்பட்டது. மலைக்குடிசை தோறும் அனுப்ப உபாத்தியாயர் போதாமையால், 1961 ஏப்ரலில் உயர்நிலைப் பள்ளிகளை முன்கூட்டியே மூடி, மாணவரையே அழைத்தது. ஏறக்குறைய 1 லட்சம் இளைஞர் முன்வந்தனர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்!

பெற்றோர் இசைவின்றி எவரும் செல்லலாகாது என்பது விதி. மகளை வீட்டு வாயிலுக்கு அப்பால் தனியே விடாத குடும்பங்களில் இதனால் எழுந்த பூசல் சிறிதன்று. அச்சத்திற்கும் காரணம் இருந்தது. தொண்டராய்ச் சென்ற 18 வயது ஆசிரியர் கொன்ராடோ பெனிடெஸ், அவ்வாண்டு ஜனவரியிலேயே சர்க்காரை எதிர்த்த ஆயுதக் கூட்டத்தாரால் கொல்லப்பட்டிருந்தார். அவர் பெயரையே மாணவர் படை தாங்கிற்று.

வரதேரோ என்னும் கடற்கரையூரில் சின்னாட் பயிற்சி பெற்று, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றும், தொங்கு படுக்கை ஒன்றும், பாடநூலும் சுமந்து அவர்கள் மலையேறினர். பகலில் குடியானவனோடு வயலில் உழைப்பு. இரவில் அவ்விளக்கொளியில் பாடம். வெட்டுக்கத்தி பிடித்தறியாத பட்டணத்துப் பிள்ளைக்குப் பகலில் குடியானவனே ஆசான். எழுதுகோல் பிடித்தறியாத குடியானவனுக்கு இரவில் பிள்ளையே ஆசான். இம்மாற்றத்தில்தான் தலைமைப் பயிற்சி அடங்கியிருந்தது. காய்த்துப்போன விரல்கள் ஓர் எழுத்தை வரையுமளவும் பொறுத்திருக்கக் கற்றவனே பிறரை நடத்தவும் கற்றவன்.

நவம்பர் 26-இல் மனுவேல் அஸ்குன்சே என்னும் 16 வயது மாணவனும், அவனுக்கு இடமளித்த குடியானவர் பெட்ரோ லாந்திகுவாவும் கொல்லப்பட்டனர். எனினும் இயக்கம் நிற்கவில்லை. டிசம்பர் 22-இல் அது நிறைவுற்றபோது, 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிந்திருந்தனர். எழுத்தறியாதார் தொகை நூற்றுக்கு 4-க்கும் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது.

பாடநூலிலே சர்க்காரின் அரசியற் கொள்கையும் கலந்தே புகட்டப்பட்டது. இறுதித் தேர்வும் ஆட்சித் தலைவர் காஸ்ட்ரோவுக்குக் கடிதம் எழுதுவதாகவே அமைந்தது. இக்குறையை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் தம் பெயரைத் தம் கையாலே எழுதிய முதியோரின் மகிழ்ச்சி எவருடைய கொள்கைக்கும் உரிமையன்று, அது அவர்களுடையது.

ஹவானாவில் திரண்ட அம்மாணவர், இனி யாம் செய்யத்தக்கது யாது என்று முழங்கிக் கேட்டனராம். படியுங்கள் என்பதே விடை. கற்பித்தவர்க்கும் கல்வி முடியவில்லை!

வாலிபர்காள்! பதவியும் மாலையும் தலைமையாகா. பெற்றோரே! விடுமுறையில் உம் மகனோடு மகளும் பொதுத்தொண்டிற்குப் புறப்பட்டால் தடுக்காதீர். விளக்கை ஏந்திச் செல்பவர்க்கே வழி முதலில் தெரியும்.