"இது என் சிலுவை, டாக்டர்": ஒரு திரெட்

1/ கீழப்பழுவூர் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறேன். சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினேன். வேணாம்னுட்டாங்க.

2/ "இது ஆண்டவர் கொடுத்த சிலுவை தம்பி. சிலுவையில அவரே மருந்து வாங்கிக்கலையே" என்றார். நான் கிறிஸ்தவன் இல்லை. அன்னிக்கு ராத்திரி மாற்கு நற்செய்தியைப் புரட்டினேன். வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசத்தை இயேசு மறுத்தது அதில் இருக்கு. அதுக்கப்புறம்தான் சிலுவையின் வரலாற்றைத் தேட ஆரம்பிச்சேன்.

3/ சிலுவை முதல்ல மதச் சின்னம் இல்லைங்க. ரோம அரசின் தண்டனைக் கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. கி.மு. 71-ல் ஸ்பார்டகஸின் அடிமைக் கலகம் தோற்றதும் 6,000 பேரை கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் அறைந்தார்கள். வலி மட்டும் போதாது, போறவங்க வர்றவங்க பார்க்கணும். அவமானமும் தண்டனையில் ஒரு பகுதி.

4/ நம்ம ஊர்ல இதுக்கு நெருக்கமானது கழுமரம். காத்தவராயன் கதையில் கழுவேற்றம் வரும். இன்னிக்கு அவர் சாமி. தண்டிக்கப்பட்டவரைக் கும்பிடுறது நமக்கும் புதுசு இல்லை.

5/ 1968-ல் ஜெருசலேமில் ஒரு கல்லறையில் முதல் நூற்றாண்டு இளைஞர் ஒருவரின் எலும்புகள் கிடைத்தன. குதிகால் எலும்பில் இரும்பு ஆணி அப்படியே இருந்தது. சிலுவையில் உயிர் எப்படிப் போகும்? ரத்த இழப்பு, நீரிழப்பு, அதிர்ச்சி, மூச்சுத்திணறல்னு மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க. சீக்கிரம் முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

6/ இப்படிச் செத்தவரைக் கடவுள்னு சொன்னா ஊர் சிரிக்காதா? சிரிச்சது. ரோமில் 1857-ல் கண்டெடுத்த பழைய சுவர்க் கிறுக்கலில், சிலுவையில் கழுதைத் தலையோடு ஒருவர். கீழே அவரை வணங்கும் ஒரு ஆள். பக்கத்துல கிண்டல் எழுத்து.

7/ உலகத்துக்கு இது முட்டாள்தனமாத் தெரியும்னு பவுலே ஒத்துக்கிட்டார். ஆனாலும் அதையே மையமா வெச்சார். பாவப்பரிகாரம், மரணத்தின் மேல் வெற்றி, அன்பின் உச்சம்னு திருச்சபைகள் பல விதமா விளக்கும். எல்லாத்துக்கும் அடியில் ஒரு விஷயம் இருக்கு: கடவுள் அரசன் இடத்தில் வரலை, அடிமை இடத்தில் வந்து நின்றார்.

8/ சரி, "சிலுவை சுமப்பது"? தண்டனை பெற்றவர் குறுக்குக் கட்டையைச் சுமந்து நடக்கணும். அந்தக் காலத்தில் சிலுவையைச் சுமன்னா, என் பின்னால வந்தா உயிரே போகலாம், தயாரா இருன்னு அர்த்தம். புற்றுநோய்க்கோ, புருஷன் அடிக்கிறதுக்கோ சொன்னது இல்லை.

9/ நற்செய்திகளில் பார்வையற்றவர், தொழுநோயாளி, 12 வருஷம் ரத்தப்போக்கில் தவித்த பெண் எல்லாரும் வர்றாங்க. ஒருத்தர்கிட்டயும் "இது உன் சிலுவை, பொறுத்துக்கோ"ன்னு இயேசு சொல்லலை. குணமாக்கி அனுப்பினார். தன் கடைசி இரவில், முடிஞ்சா இந்தத் துன்பம் நீங்கட்டும்னு அவரும் வேண்டினார்.

10/ 1957-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களிடமே பேசி, நோயாளிக்கு வலிமருந்து கொடுப்பது தவறில்லைன்னு தெளிவாக்கிட்டார்.

11/ அடுத்த ரவுண்ட்ஸில் இதெல்லாம் சொன்னேன். அந்தம்மா அசையலை. அவங்க ஏலாக்குறிச்சிப் பக்கம். அரியலூர் ரங்கப்ப மழவராயரின் ராஜபிளவையை வீரமாமுனிவர் குணப்படுத்தினார்னு அடைக்கல மாதா கோயில் பற்றி ஊர்வழக்கு உண்டு. கேட்டேன்: "ஏம்மா, உங்க முனிவர் மழவராயரைப் பொறுத்துக்கச் சொன்னாரா, குணப்படுத்தினாரா?"

12/ லேசா சிரிச்சாங்க. அப்புறம்தான் மனசுல இருந்தது வெளிய வந்தது. "மாத்திரை போட்டா மயக்கத்துல ஜெபமாலை சொல்ல முடியாமப் போயிடுமா தம்பி?"

"முதல் சில நாள் தூக்கம் வரும். டோஸ் சரியானதும் தெளிவாத்தான் இருப்பீங்க. மலச்சிக்கல் வரும், அதுக்கும் மருந்து தர்றேன். இப்ப சொல்ல முடியுதா?"

"பாதியில நின்னுடுது."

மாத்திரையை வாங்கிக்கிட்டாங்க.

13/ நான் அவங்க நம்பிக்கையை மாத்தலை. அவங்க பயத்தைக் கேட்க எனக்கு இத்தனை நாள் ஆச்சு, அவ்வளவுதான். ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தப்ப கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு மாசத்தில் இறந்துட்டாங்க.

14/ உங்க வீட்டிலும் யாராவது "இது என் தலையெழுத்து", "இது என் சிலுவை"ன்னு வலியை மறைக்கலாம். வாதம் பண்ணாதீங்க. எதுக்குப் பயப்படுறாங்கன்னு முதல்ல கேளுங்க. அப்புறம் அரசு மருத்துவமனையில் வலி நிவாரண சிகிச்சை பற்றி விசாரிங்க.