கடும் நோயுற்ற குழந்தைகளின் மன உளைச்சலைக் கண்டறிதல்

புற்றுநோய் போன்ற கடும் நோய்க்கு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குழந்தையின் பயம், சோகம், கவலை, கோபம் ஆகியவற்றை எளிய கேள்விகளாலும் படங்களாலும் அவ்வப்போது கேட்டறியும் முறை இது. இதைக் கொண்டு மனநோய் என்று முடிவு செய்வதில்லை. எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு விரைவாக உதவி தேவை என்று அறிவதே நோக்கம்.

பின்னணி

அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முக்கியமானது. அவர் கண்டறிந்தபடி, ரத்தப் புற்றுநோயுற்ற சிறு குழந்தைகள், யாரும் சொல்லாமலேயே தாங்கள் பிழைக்க மாட்டோம் என்பதை அறிந்திருந்தார்கள், பெற்றோரோ மறைத்தார்கள், குழந்தைகளும் தெரியாததுபோல் இருந்தார்கள். குழந்தை பேசாதிருப்பதால் அதன் மனம் அமைதியாக இருக்கிறது என்று கொள்ளக் கூடாது. ஆகவே, கேட்க வேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது.

கருவிகள்

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆண்ட்ரூ ராத், ஜிம்மி ஹாலண்ட் குழுவினர் 1998-இல் ‘மன உளைச்சல் தெர்மாமீட்டர்’ ஒன்றை அறிமுகப்படுத்தினர். உளைச்சலின் அளவைக் காட்ட 0 முதல் 10 வரை எண்ணிட்ட தெர்மாமீட்டர் படம் அது. பெரியவர்களுக்காக உருவான அது பின்னர் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டது.

டொராண்டோ நோயுற்ற குழந்தைகள் மருத்துவமனையில் லிலியன் சங் குழுவினர் உருவாக்கிய பட்டியல், 8 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் 15 தொல்லைகளைப் பற்றிக் கேட்கிறது. வாந்தி, வாய்ப்புண்ணோடு சோகம், பயம், எரிச்சல் ஆகியவையும் அதில் உண்டு. பிலடெல்பியாவில் ஆன் கேசக் உருவாக்கிய படிவத்தைப் பெற்றோர் நிரப்புவர். அது குடும்பத்தின் தேவையை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது.

செயல்முறை

செவிலியர் கட்டிலருகே அமர்ந்து தெர்மாமீட்டர் படத்தைக் காட்டுவார். குழந்தை, உதாரணமாக, 7-இல் விரல் வைக்கும். அடுத்து, “எது கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்பார். முடி கொட்டியதோ, கையில் குத்தப்போகும் ஊசியோ, பள்ளித் தோழர்கள் மறந்துவிடுவார்களோ என்ற ஏக்கமோ காரணமாக இருக்கலாம். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத சிறு குழந்தையின் பயம் வயிற்றுவலியாகவும் சாப்பிட மறுப்பதாகவும் வெளிப்படலாம். பெற்றோரின் மதிப்பீடும் குழந்தையின் பதிலும் பல வேளைகளில் வேறுபடும். எனவே இருவரையும் கேட்பது அவசியம். முடிந்தால் குழந்தையிடம் தனியாகவும் கேட்க வேண்டும்.

தரநிலையும் வரம்பும்

குழந்தைப் புற்றுநோய் மருத்துவத்துக்கென 2015-இல் வெளியான 15 உளச்சமூகப் பராமரிப்புத் தரநிலைகளில் முதலாவது, குழந்தையையும் குடும்பத்தையும் தவறாமல், முறைப்படி மதிப்பிட வேண்டும் என்பதே. ஒருமுறை கேட்டால் போதாது. நோய் உறுதியாகும்போதும், நோய் திரும்பும்போதும், சிகிச்சை முடியும்போதும் மனநிலை மாறும்.

எண்ணைக் குறித்துக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ, விளையாட்டு வழி ஆறுதல் தருபவரோ தொடர்ந்து வர வேண்டும். கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வராவிட்டால், சொல்லிப் பயனில்லை என்பதையே குழந்தை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை அதன் விரல் 0-க்குப் போய்விடும்.