வறட்சியிலே மாடு வாங்கிய சர்க்கார்

அமெரிக்காவிலே 1934-ல் கடும் வறட்சி. டெக்சாஸ், டகோட்டா பக்கம் மேய்ச்சலையே நம்பியிருந்த மாவட்டங்களில் புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாட்டை வாங்க ஆளும் இல்லை. கடைசியிலே மத்திய சர்க்காரே வாங்க முன்வந்தது. இரண்டு வயசு தாண்டிய மாட்டுக்கு 12 முதல் 20 டாலர் வரை. தொகை சொற்பந்தான். ஆனால் கொடுத்த விதம் இருக்குதே, அதைக் கொஞ்சம் கவனியுங்க. இந்தத் தொகையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு மாட்டின் விலை. மாட்டை ஈடு காட்டிக் கடன் வாங்கியிருந்தால், அதிலே பாங்கிக்குப் பாத்தியதை உண்டு. மற்றது உதவித்தொகை, 6 டாலர். கடன் கொடுத்தவர் அதைத் தொட முடியாது. நேரே சம்சாரி கைக்கு! இப்படி 80 லட்சத்துக்கும் மேலே மாடுகளை வாங்கினார்கள். தேறிய மாடுகளின் இறைச்சி ஏழைக் குடும்பங்களுக்குப் போயிற்று. தேறாததை அங்கேயே சுட்டுப் புதைத்தார்கள். வளர்த்தவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.